16ம் சீடு கிட்ட அடி, அடுத்த வருஷமே கப்பு: விர்ஜினியாவோட 2018-19ஐ "விழுந்து எழுந்த கதை"னு சொல்றது சரியா?

ஷார்லட்ஸ்வில்_டீக்கடை

ரயன் ஓடம் விர்ஜினியா யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீமுக்கு கோச்சா வர்றாருன்னு 2025 மார்ச்ல நியூஸ் வந்ததுல இருந்து எங்க ஊர்ல எல்லார் வாயிலயும் பழைய கதை தான் ஓடுது. 2018 மார்ச் 16, நார்த் கரோலினா ஷார்லட்ல, யுஎம்பிசிங்கற (மேரிலாண்ட் யுனிவர்சிட்டியோட பால்டிமோர் கவுண்டி காலேஜ்) டீம் விர்ஜினியாவ 74-54ன்னு போட்டு மானத்த வாங்குச்சே, அந்த டீமுக்கு கோச்சு இதே ஓடம் தான். 2025ல அவரையே கூட்டிட்டு வந்து நம்ம பெஞ்ச்ல உக்கார வெச்சிருக்காங்க.

அதுக்கு முன்னாடி 1985ல இருந்து ஆண்கள் தேசிய காலேஜ் (என்சிஏஏ) டோர்னமெண்ட்ல 1ம் சீடும் 16ம் சீடும் 135 தடவ மோதி 135 தடவையும் 1ம் சீடு தான் ஜெயிச்சிருந்துச்சு. 136வது மேட்ச்ல நாங்க போய் சிக்கினோம், அதுவும் அந்த வருஷம் மொத்த டோர்னமெண்டுக்கும் நம்பர் ஒன் டீம் நாங்க தான், ஏசிசிங்கற எங்க லீக்ல 17-1, ஏசிசி டோர்னமெண்ட் கப்பும் கையில, சீசன்ல தோத்ததே 2 மேட்ச் தான்.

அடுத்த வருஷம் 2019 ஏப்ரல் 8 அன்னிக்கு மினியாபோலிஸ்ல டெக்சாஸ் டெக்க ஓவர்டைம்ல 85-77ன்னு ஜெயிச்சு கப்பு. உடனே எல்லாரும் இத சினிமா ஆக்கிட்டாங்க, அவமானம், கண்ணீரு, பாடம் கத்துக்கிட்டாங்க, திரும்பி வந்து ஜெயிச்சாங்கன்னு. நான் விர்ஜினியா ஃபேன் தான், ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்ல. 2018ல தோத்ததும் 2019ல ஜெயிச்சதும் ஒரே காரணத்தால தான். நாங்க மெதுவா ஆடுற டீம், அதனால எல்லா மேட்சும் நூலிழைல தொங்கும், ஒரு வருஷம் இந்தப் பக்கம் விழுந்துச்சு அடுத்த வருஷம் அந்தப் பக்கம். பாடமும் இல்ல ஒண்ணும் இல்ல. திட்டுறவங்க திட்டலாம், கடை தொறந்திருக்கு.

சும்மா_எட்டிப்பாத்தேன்

அண்ணா, ஐபிஎல் தவிர ஒண்ணும் பாக்காத ஆளு நான். சீடுன்னா என்ன, 16ம் சீடுன்னா 16வது ரேங்க்கா? அது ஜெயிச்சா ஏன் இவ்ளோ சவுண்டு?

கண்ணாடிக்காரன்

16வது ரேங்க் இல்ல தம்பி, அதவிட ரொம்பக் கீழ. அமெரிக்காவுல முதல் டிவிஷன்ல மட்டும் 350க்கு மேல காலேஜ் டீம் இருக்கு. மார்ச்ல அதுல 68 டீம எடுப்பாங்க. ஒவ்வொரு கான்ஃபரன்ஸ் (காலேஜுங்க சேர்ந்து ஆடுற லீக்) சாம்பியனுக்கும் ஒரு சீட்டு தானா கிடைச்சிரும், மிச்சத்த கமிட்டி உக்காந்து தேர்ந்தெடுக்கும். நாலு ரீஜனா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் 1ல இருந்து 16 வரைக்கும் நம்பர். 16ம் சீடுன்னா பெரும்பாலும் சின்ன கான்ஃபரன்ஸ ஜெயிச்சு உள்ள வந்த சின்ன காலேஜ், டிவில மூஞ்சி தெரியறதே வருஷத்துல அந்த ஒரு நாள் தான். ஒரு மேட்ச் தோத்தா பெட்டிய கட்டணும், ஆறு ஜெயிச்சா கப்பு. லீக் ஸ்டேஜ், குவாலிஃபயர் டூ, செகண்ட் சான்ஸ் எதுவும் கிடையாது.

பால்டிமோர்_பரோட்டா

வந்துட்டேன். யுஎம்பிசில எம்எஸ் படிச்சவன், அந்த நைட்டு அங்க தான் இருந்தேன் (ஷார்லட்ல இல்ல, லேப்ல 😀). எங்க காலேஜ பத்தி ஒரு வார்த்த. நம்ம ஊரு பசங்க நெறைய பேரு மாஸ்டர்ஸ் பண்ண வர்ற எடம், கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ்னு. ஸ்போர்ட்ஸ்ல எங்களுக்கு பேரு இருந்துச்சுன்னா அது செஸ்ல தான், செஸ் டீம் தேசிய அளவுல நெறைய தடவ கப் அடிச்சிருக்கு. பாஸ்கெட்பால் டீம் பேரு ரிட்ரீவர்ஸ், அது ஒரு நாய் இனம். அந்த சீசன் ஜனவரில ஆல்பனி கிட்ட 83-39ன்னு தோத்தோம், படிச்சது சரி தான், 44 பாயிண்ட் வித்தியாசம். அதே டீம் மார்ச்ல வெர்மாண்ட்ட 65-62ன்னு ஜெயிச்சு உள்ள வருது, கடைசி செகண்ட்ல ஜைரஸ் லைல்ஸ் போட்ட மூணு பாயிண்டர்ல (தூரத்துக் கோட்டுக்கு வெளிய இருந்து போட்டா மூணு பாயிண்ட்).

விர்ஜினியா மேட்ச் ஹாஃப் டைம்ல 21-21. லேப்ல இருந்தவங்க பாதிப் பேருக்கு பாஸ்கெட்பால் ரூல்ஸே தெரியாது, "டிராவா போயிட்டிருக்கா, பரவால்லையே"ன்னு சொல்லிட்டு ஒருத்தன் அசைன்மெண்ட் பண்ணப் போயிட்டான். செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல லைல்ஸ் உள்ள பூந்து பூந்து போடறாரு, வெளிய பாஸ் விட்டா மூணு பாயிண்டர் விழுது, கே.ஜே. மவுரான்னு ஒருத்தரு, அஞ்சடி எட்டு இன்ச், எடை 140 பவுண்டு, அதாவது என்னவிட ஒல்லி, விர்ஜினியா பசங்க நடுவுல பூந்து ஓடறாரு. போனவன் அசைன்மெண்ட மூடி வெச்சுட்டு வந்துட்டான். லைல்ஸ் மொத்தம் 28, அதுல 23 செகண்ட் ஹாஃப்ல. எங்களுக்கு ஜெயிச்சதவிட 20 பாயிண்ட்ல ஜெயிச்சது தான் நம்பவே முடியல.

அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு கான்சாஸ் ஸ்டேட் கிட்ட 50-43ன்னு தோத்தோம், அந்த மேட்ச் பாக்கவே கொடுமையா இருந்துச்சு, அத விட்ருவோம்.

கண்ணாடிக்காரன்

டீக்கடை சொல்ற பாயிண்ட்ட நம்பர்ல சொல்றேன். ஒரு மேட்சுல ஒரு டீமுக்கு எத்தன தடவ பந்து கைக்கு வருதுங்கறது தான் டெம்போ. சராசரி டீமுக்கு 70 பக்கம் இருக்கும், விர்ஜினியாவுக்கு 60 தான். 2018லயும் சரி 2019லயும் சரி, மொத்த டிவிஷன்லயே ரொம்ப மெதுவான டீம் இவங்க தான், கடைசி எடம். ஷாட் கிளாக் 30 செகண்டையும் கரைச்சு, கடைசில தான் ஷாட்டே போடுவாங்க.

இதுல என்ன ஆகும்னா, நல்ல டீமுக்கும் சுமாரான டீமுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய நேரம் வேணும். டெஸ்ட் மேட்ச்ல சின்ன டீம் பெரிய டீம ஜெயிக்கறது அபூர்வம், டி20ல அப்பப்ப நடக்கும், அதே கணக்கு தான் இங்க. நீ பெரிய டீமா இருந்துக்கிட்டு நீயே மேட்ச சின்னதாக்கினா எதிராளிக்கு தான் சான்ஸ குடுக்கற. யுஎம்பிசி அன்னிக்கு 24 மூணு பாயிண்டர் போட்டு 12 உள்ள விழுந்துச்சு, விர்ஜினியா 22 போட்டு 4. வேகமா ஆடுற டீம்னா இந்த ஓட்டைய வேற வழில அடைக்கலாம், இவங்களுக்கு அதுக்கு பந்து கைக்கு வர்ற தடவையே மிச்சம் இல்ல.

இன்னொண்ணும் பாருங்க, சீசன் முழுக்க மேட்சுக்கு சராசரியா 53, 54 பாயிண்ட் விட்ட டீமு, அன்னிக்கு செகண்ட் ஹாஃப்ல மட்டும் 53 விட்டுச்சு.

ஆரஞ்சுபந்து

நான் காலேஜ் டீம்ல சென்டர் ஆடுனவ, அதனால நம்பர் கட்சிக்கு கொஞ்சம் மறுப்பு சொல்லிட்டுப் போறேன்.

விர்ஜினியா ஆடுற டிஃபென்ஸுக்கு பேக் லைன்னு பேரு. கோச் டோனி பென்னட்டோட அப்பா டிக் பென்னட் உருவாக்குனது, அவரு 2000ல விஸ்கான்சின ஃபைனல் ஃபோர் வரைக்கும் கொண்டு போனவரு. பந்து வெச்சிருக்கவன மட்டும் ஒருத்தன் நெருக்குவான், மத்த நாலு பேரும் பாஸ்கெட்ல இருந்து சுமார் 16 அடில ஒரு கற்பனைக் கோடு போட்டு அதுக்கு உள்ளயே நிப்பாங்க. உள்ள பூந்து லே-அப் போடவே முடியாது, "வேணும்னா வெளிய இருந்து போட்டுக்கோ"ன்னு விட்டுருவாங்க. பாஸ் வெளிய போனதும் ஓடிப்போய் கைய தூக்கணும். இத ஆடிப் பாத்தா தெரியும், கால் ஒரு நொடி லேட்டானா போச்சு, டெய்லி ப்ராக்டிஸ்ல இந்த ஓடிப்போய் நிக்கறது தான் உயிர எடுக்கும், பந்த தொடவே விடமாட்டாங்க.

அன்னிக்கு டிஆண்ட்ரே ஹண்டர் இல்ல. அந்த மேட்சுக்கு மூணு நாள் முன்னாடி தான் மணிக்கட்டு உடஞ்சிருக்குன்னு அறிவிச்சாங்க. ஆறடி ஏழு இன்ச்சு ஆளு, கார்டையும் மறிப்பாரு சென்டரையும் மறிப்பாரு. லைல்ஸ் உள்ள பூந்துட்டே இருந்தாருன்னு பரோட்டா சொல்றாரே, ஹண்டர் இருந்திருந்தா அந்த வேலைக்கு அவரத் தான் விட்டிருப்பாங்க. இத வெறும் நூலிழைன்னு சொல்லிட்டுப் போக முடியாது.

ஷார்லட்ஸ்வில்_டீக்கடை

அக்கா, ஹண்டர் இல்லன்னா 5 பாயிண்ட்ல தோக்கலாம். 20ல?

பென்னட் பத்தி ஒரு சைடு நியூஸ். இந்த மனுஷன் காலேஜ்ல ஆடுனப்ப மூணு பாயிண்டர்ல 49.7 சதவீதம், என்சிஏஏ வரலாற்றுலயே கெரியர் ரெக்கார்டு அது. அப்பேர்ப்பட்ட ஷூட்டர் கோச்சான உடனே ஊரே தூங்கற மாதிரி ஒரு ஆட்டத்த ஆட வெச்சாரு. என்பிஏல அவரு ஆடுனது ஷார்லட் டீமுக்கு தான், யுஎம்பிசி கிட்ட அடி வாங்குனதும் அதே ஊர்ல.

இண்டியானா_இட்லி

பர்டியூ யுனிவர்சிட்டி ஃபேன் ஆஜர். இந்த இழைய தொறக்கவே கூடாதுன்னு தான் நெனச்சேன்.

2019 எலைட் எய்ட் (அதாவது காலிறுதி), லூயிவில், விர்ஜினியாவோட மேட்ச். எங்க கார்சன் எட்வர்ட்ஸ் 42 பாயிண்ட், அதுல 10 மூணு பாயிண்டர், சிலது எல்லாம் லோகோ பக்கத்துல இருந்து, ஒண்ணு போர்டுல பட்டு கூட உள்ள விழுந்துச்சு. அவர மறிச்சவங்க சரியாத்தான் மறிச்சாங்க, கைய மூஞ்சிக்கு நேரா வெச்சாங்க, அப்படியும் விழுது. கடைசி 5.9 செகண்ட், நாங்க 70-67 லீட். விர்ஜினியாவோட டை ஜெரோம் ரெண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு கிடைக்கிற, யாரும் மறிக்காத ஷாட், ஒண்ணுக்கு ஒரு பாயிண்ட்) போடணும், முதல் ஒண்ணு உள்ள, 70-68. ரெண்டாவது மிஸ்ஸு. நான் சோபாவுல இருந்து எந்திரிச்சுட்டேன், முடிஞ்சுது, பர்டியூ 1980க்கு அப்புறம் ஃபைனல் ஃபோர் போகுதுன்னு.

மிஸ்ஸான பந்துக்கு குதிச்ச அவங்க டீம் மமாடி டியாகிட்டே அத பிடிக்கல, கையால தட்டி விட்டாரு, அது எங்கயோ பின்னாடி பறந்து அவங்க பாதி கோர்ட் பக்கமே போயிருச்சு. கிஹெய் கிளார்க்னு ஒரு முதல் வருஷப் பையன், அஞ்சடி ஒம்பது இன்ச்சு, அத தொரத்திட்டு ஓடறான். டைம் போயிட்டே இருக்கு. பந்த எடுத்துத் திரும்புறான், பக்கத்துல ஜெரோம் கைய நீட்டி குடு குடுங்கறாரு, அவருக்கு குடுத்திருந்தா பாதி கோர்ட்ல இருந்து தூக்கி எறியணும், நாங்க தப்பிச்சிருப்போம். இந்தப் பொடியன் அவரப் பாக்காம நேரா முன்னாடி நிக்கிற டியாகிட்டேவுக்கு நீளமா ஒரு பாஸ் விட்டான். வாங்குன வேகத்துல டியாகிட்டே தூக்கிப் போட்டாரு, பஸ்ஸர் அடிக்குது, பந்து உள்ள. 70-70. ஓவர்டைம்ல 80-75ன்னு முடிச்சுட்டாங்க.

தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சும்பாங்களே, அது விர்ஜினியாவுக்கு. எங்களுக்கு தலையே போச்சு.

சும்மா_எட்டிப்பாத்தேன்

யூடியூப்ல இப்ப தான் பாத்தேன், யம்மாடி. அந்தப் பையனுக்கு அங்க ஒரு ஆளு நிக்கறது எப்படி தெரிஞ்சுது?

ஆரஞ்சுபந்து

அது தான் பாயிண்ட் கார்டோட வேலையே தம்பி. பந்து பின்னாடி ஓடும்போதே தலைய தூக்கி ஒரு தடவ முன்னாடி பாத்துக்கணும், எடுத்த பிறகு பாக்க நேரம் இருக்காது. டியாகிட்டேவும் தட்டி விட்டுட்டு நிக்காம பாஸ்கெட்டுக்கு கிட்ட ஒரு சந்துல போய் நின்னாரு பாருங்க, நம்ம ஊரு பசங்க பாதிப் பேரு தட்டி விட்டதோட வேடிக்கை பாப்பாங்க. அவரு கினி நாட்டுக்காரரு, ஹை ஸ்கூலுக்கு தான் அமெரிக்கா வந்தாரு.

டீக்கடைக்கு இதுக்கு என்ன பதில்? இது தாயம் விழுந்த கணக்கா?

ஷார்லட்ஸ்வில்_டீக்கடை

பாஸ் திறமை தான், ஒத்துக்கறேன். ஆனா மிஸ் ஆன ஃப்ரீ த்ரோ தட்டுப்பட்டு கரெக்டா கிளார்க் போற பக்கம் போனது திறமையா? ரெண்டடி தள்ளிப் போயிருந்தா இட்லி இன்னிக்கு சந்தோஷமா இருப்பாரு, பென்னட் "மார்ச்ல தோக்கற கோச்சு"ன்னு பேரு வாங்கியிருப்பாரு. அதுக்கு அடுத்த மேட்ச்ச பாருங்க, ஆபர்ன், செமி ஃபைனல். அத பாத்துட்டு எவனாவது அதிர்ஷ்டம் இல்லன்னு சொன்னா டீ ஃப்ரீ.

எங்களுக்கு 10 பாயிண்ட் லீட் இருந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல ஆபர்ன் வரிசையா 14 பாயிண்ட் போட்டு 61-57 ஆக்கிட்டாங்க. எங்க கைல் கை ஒரு மூணு பாயிண்டர் போட்டு 61-60. ஆபர்ன் ஃப்ரீ த்ரோல ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டு 62-60. இப்ப பந்து ஜெரோம் கையில, மேல வர்றாரு, டிரிபிள் பண்ணும்போது (பந்த தரையில தட்டிட்டே போறது) பந்து அவரு காலுல பட்டு எகிறுது, ரெண்டு கையாலயும் பிடிச்சு திரும்ப டிரிபிள் பண்றாரு. அப்பட்டமான டபுள் டிரிபிள், பிடிச்ச பந்த திரும்ப தட்டக் கூடாது. ரெஃப்ரி விசில் ஊதல. ஊதியிருந்தா பந்து ஆபர்னுக்கு, கதை முடிஞ்சுது.

கண்ணாடிக்காரன்

அதுக்கு ஒரு நொடி முன்னாடி ஆபர்ன் பிளேயர் ஜெரோமோட ஜெர்சிய பிடிச்சு இழுத்ததையும் ஊதலையே. ரெண்டு தப்பும் கேன்சல்.

ஷார்லட்ஸ்வில்_டீக்கடை

சரி, ஊதல. கடைசி 1.5 செகண்ட்ல பந்து கார்னர்ல இருக்கற கைல் கை கிட்ட, தூக்கிப் போடறாரு, மிஸ்ஸு, ஆபர்ன் பசங்க தலைக்கு மேல கைய தூக்கி கோர்ட்டுக்குள்ள ஓடி வர்றாங்க. அப்ப தான் விசிலு. சமிர் டவுட்டி அவரு மேல இடிச்சுட்டாருன்னு ஃபவுல், மிச்சம் 0.6 செகண்ட், மூணு ஃப்ரீ த்ரோ. ஒண்ணு போனாலும் ஜெயிக்க முடியாது. மூணும் உள்ள, 63-62.

ஆரஞ்சுபந்து

இங்க தான் நான் உங்ககிட்ட சண்ட போடப் போறேன். ஃபவுல் கிடைச்சது அதிர்ஷ்டம்னே வெச்சுக்குங்க. அந்த மூணு ஃப்ரீ த்ரோ?

70 ஆயிரம் பேரு இருக்கற ஃபுட்பால் ஸ்டேடியம், பாஸ்கெட்டுக்குப் பின்னாடி சுவரே கிடையாது, கண்ணுக்கு தூரமே பிடிபடாது. ரெண்டு போட்டு 62-62 ஆனதும் ஆபர்ன் கோச் ப்ரூஸ் பேர்ல் டைம் அவுட் கேக்கறாரு, பையன் யோசிச்சு யோசிச்சு நடுங்கட்டும்னு. நானும் டைம் அவுட்டுக்கு அப்புறம் போய் லைன்ல நின்னிருக்கேன், அந்த ஒரு நிமிஷம் பெஞ்ச்ல உக்காந்திருக்கும்போது கோச் என்ன சொல்றாருன்னு காதுல விழாது, வாய் காஞ்சு போய் கையெல்லாம் வேர்க்கும், டவல்ல துடைச்சா திரும்ப வேர்க்கும். கைல் கை அப்ப ஜெர்சிய இழுத்து மூஞ்சிய மூடிட்டு நின்னாரு.

இந்தப் பையன் யாரு? யுஎம்பிசி மேட்ச்சுக்கு அப்புறம் தனக்கு ஆங்ஸைட்டி இருக்குன்னு ஊரறிய எழுதுனவரு, மருந்து எடுத்துக்கறேன்னு ஒளிக்காம சொன்னவரு. அந்தத் தோல்விக்கு அப்புறம் ஃபோனுக்கு கொலை மிரட்டல் எல்லாம் வந்துச்சு அந்த டீமுக்கு. அவரு என்ன பண்ணாரு தெரியுமா, யுஎம்பிசி பசங்க கொண்டாடும்போது தான் குனிஞ்சு நிக்கிற ஃபோட்டோவ ஃபோன்ல வால்பேப்பரா வெச்சுக்கிட்டாரு, ட்விட்டர்லயும் அதே படம். ஒரு வருஷம் டெய்லி அத பாத்த ஆளு 0.6 செகண்ட்ல மூணு போடறாரு. டெம்போ டேபிள்ல இது எந்தக் காலம்?

கண்ணாடிக்காரன்

கைல் கை 80 சதவீதத்துக்கு மேல ஃப்ரீ த்ரோ போடறவரு. அந்த மாதிரி ஆளு மூணும் போட சான்ஸ் பாதிக்கு மேல இருக்கு அக்கா. மனசு திடமா இருந்துச்சு, சரி, ஆனா ஜெயிச்சதால தான் இந்த ஃபோட்டோ கதை நமக்குத் தெரியும். ஒண்ணு ரிம்ல பட்டு வெளிய வந்திருந்தா "தோத்த படத்தயே பாத்துப் பாத்து மனச கெடுத்துக்கிட்டான்"னு இதே வாய் சொல்லியிருக்கும்.

ஆரஞ்சுபந்து

அது நெசம் தான், அந்த வாய் சொல்லும். ஆனா லைன்ல நின்னது அந்த வாய் இல்லையே.

ஷார்லட்ஸ்வில்_டீக்கடை

என் கட்சிக்கு இன்னும் மூணு சாட்சி இருக்கு.

2019 முதல் ரவுண்டு, கார்ட்னர்-வெப், 16ம் சீடு. 14 பாயிண்ட் பின்னாடி போனோம். ஹாஃப் டைம்ல 36-30 அவங்க லீட். இங்க கடைவீதில பாதிப் பேரு டிவிய அணைச்சுட்டாங்க, வயித்துல புளியக் கரைக்குதுன்னு. பாடம் கத்துக்கிட்ட டீமு இப்படியா ஆடும்? கடைசில 71-56ன்னு ஜெயிச்சோம், அது வேற. ஹண்டர் இருந்தாரு, டியாகிட்டே வெளுத்துட்டாரு.

ரெண்டாவது, அந்த வருஷம் டியூக் கிட்ட ரெண்டு தடவ ஆடி ரெண்டும் தோத்தோம், சயன் வில்லியம்சன் இருந்த டியூக்கு. எங்க சீசன்ல மொத்தம் 3 தோல்வி, அதுல ரெண்டு அவங்க கிட்ட. அந்த டியூக்க எலைட் எய்ட்ல மிச்சிகன் ஸ்டேட் 68-67ன்னு தூக்கிருச்சு. எங்களுக்கு அவங்கள பாக்கற வேலையே வரல.

மூணாவது தான் முக்கியம். கப்புக்கு அப்புறம் என்ன ஆச்சு? 2020ல கோவிட், டோர்னமெண்டே இல்ல. 2021ல ஒஹையோ கிட்ட முதல் ரவுண்ட்லயே அவுட். 2022ல உள்ளயே வரல. 2023ல ஃபர்மன் கிட்ட 68-67. 2024ல கொலராடோ ஸ்டேட் கிட்ட 67-42, 40 நிமிஷத்துல 42 பாயிண்டு. பென்னட் இருந்த வரைக்கும் 2019 ஃபைனலுக்கு அப்புறம் இந்த டோர்னமெண்ட்ல ஒரே ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல. பாடம் கத்துக்கிட்டிருந்தா அது அடுத்த வருஷமே மறந்தா போகும்?

ஃபர்மன் மேட்ச்ச கேளுங்க. 2 பாயிண்ட் லீட்ல இருக்கோம், கடைசி செகண்டுங்க, பந்து அஞ்சாவது வருஷம் ஆடுற சீனியர் கிட்ட, ரெண்டு பேரு கார்னர்ல நெருக்குறாங்க. டைம் அவுட் கேட்டிருக்கலாம், ஃபவுல் வாங்கியிருக்கலாம். தூக்கிப் போட்டாரு, நேரா ஃபர்மன் பையன் கையில, அவன் பாஸ் பண்ண, அடுத்தவன் மூணு பாயிண்டர் போட, முடிஞ்சுது. அந்த சீனியர் யாருன்னா கிஹெய் கிளார்க். பர்டியூ மேட்ச்ல அந்தப் பாஸ் போட்ட அதே கிளார்க்கு. நாளு மார்ச் 16, யுஎம்பிசி மேட்ச் நடந்த அதே தேதி.

சும்மா_எட்டிப்பாத்தேன்

அய்யோ பாவம் 😢

இண்டியானா_இட்லி

பாவமா? மறுநாள் எங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா தம்பி. 2023 மார்ச் 17, நாங்க 1ம் சீடு, ஏழடி நாலு இன்ச்சு சாக் ஈடி எங்க கிட்ட. எதிர்ல ஃபேர்லி டிக்கின்சன், 16ம் சீடு, அந்த வருஷம் மொத்த டிவிஷன்லயே குள்ளமான டீம். 63-58ன்னு தோத்தோம். ஆண்கள் டோர்னமெண்ட்ல ரெண்டாவது தடவ நடந்தது, அது எங்களுக்கு. முதல் தடவ நடந்தப்ப சிரிச்சவங்கள்ல நானும் உண்டு.

ஆனா டீக்கடை, நாங்க மெதுவா ஆடுற டீம்னு விர்ஜினியா அளவுக்கு பேரு வாங்குனவங்க இல்ல, எங்களுக்கும் நடந்துச்சே? அடுத்த வருஷம் 2024ல நாங்களும் அதே கோச்சு மேட் பெயின்டர், அதே ஈடின்னு ஃபைனல் வரைக்கும் போனோம், யுகான் கிட்ட 75-60ன்னு தோத்தோம். 16ம் சீடு கிட்ட தோத்த ரெண்டு டீமும் அடுத்த வருஷமே ஃபைனல்ல. இதுக்கு உங்க தியரி என்ன சொல்லுது?

கண்ணாடிக்காரன்

ரெண்டும் 1ம் சீடு வாங்குற அளவுக்கு நல்ல டீம், முக்கியமான ஆளுங்க படிப்ப முடிக்காம அடுத்த வருஷமும் இருந்தாங்க. நல்ல டீம் அடுத்த வருஷமும் நல்ல டீமா தான் இருக்கும். அவ்ளோ தான் தியரி.

ஆரஞ்சுபந்து

"இருந்தாங்க" அப்படின்னு ஈசியா சொல்லிட்டீங்க. கொலை மிரட்டல் வந்த பிறகும், ஊரெல்லாம் சிரிச்ச பிறகும் கைல் கை, ஜெரோம், ஹண்டர் மூணு பேரும் அதே காலேஜ்ல, அதே கோச் கிட்ட, அதே மெதுவான ஆட்டத்த ஆட திரும்பி வந்தாங்க. இன்னிக்கு நெலமைல அது நடக்குமா?

பால்டிமோர்_பரோட்டா

அக்கா கேட்டது தான் கேள்வி. 2021ல இருந்து பசங்க தங்க பேர வெச்சு காசு சம்பாதிக்கலாம், ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேர போட்டுட்டு அடுத்த சீசனே வேற காலேஜுக்கு ஆடலாம். சின்ன காலேஜ்ல எவனாவது நல்லா ஆடுனா அடுத்த மாசம் பெரிய காலேஜ் தூக்கிட்டுப் போயிருது. 2025ல பாருங்க, ஸ்வீட் 16ல (கடைசி 16 டீம் ஆடுற ரவுண்டு) 16 டீமும் பெரிய கான்ஃபரன்ஸ், ஃபைனல் ஃபோர்ல நாலும் 1ம் சீடு. எங்கள மாதிரி டீமுக்கு எடமே இல்ல.

காசு வாங்குறதுல எனக்கு வருத்தம் இல்ல, கோச்சுங்க கோடிக்கணக்குல வாங்கும்போது ஆடுறவன் மட்டும் ஏன் சும்மா ஆடணும். எங்க லைல்ஸே விசியுங்கற காலேஜ்ல இருந்து மாறி வந்தவரு தான். உங்க டீம்ல ப்ராக்ஸ்டன் கீ அலபாமால இருந்து வந்தவரு, ஃபைனல்ல கடைசி செகண்ட்ல டெக்சாஸ் டெக் ஷாட்ட பிளாக் பண்ணலன்னா ஓவர்டைமே இல்ல. அதனால மாறுறதே பாவம்னு சொல்ல வரல. மேல போற வழி மட்டும் அகலமாயிருச்சு, அது தான்.

ஷார்லட்ஸ்வில்_டீக்கடை

பென்னட் 2024 அக்டோபர்ல சீசன் தொடங்க ரெண்டு மூணு வாரம் இருக்கும்போது விலகுனதும் இதனால தானே. இந்த புது முறைக்கு தான் சரிப்பட மாட்டேன்னு ஓப்பனா சொல்லிட்டுப் போனாரு. 2019ல கப் அடிச்ச பிறகு சம்பள உயர்வே வேணாம்னு சொன்ன மனுஷன், அதுக்கு மேல பிளேயர்ஸோட எதிர்காலத்துக்குன்னு 5 லட்சம் டாலர் தன் கைக்காசு குடுத்தாரு.

அவரு எடத்துக்கு ஓடம் வர்றது எனக்கு பிடிச்சிருக்கு. அவரு அப்பா டேவ் ஓடம் 80கள்ல விர்ஜினியாவுல அசிஸ்டெண்ட் கோச், இவரு சின்னப் பையனா அதே ஊர்ல பால் பாயா இருந்தவரு. வெளியாளு இல்ல. ஆட்டமும் கொஞ்சம் வேகமா தான் ஆட வைப்பாரு, அதுவே எனக்குப் போதும். நாலு வருஷம் கழிச்சு முதல் ரவுண்ட்ல தோத்தாலும் 80-78ன்னு தோப்போம்.

கண்ணாடிக்காரன்

விர்ஜினியாவுக்கு இது பழக்கம் வேற. 1982 டிசம்பர்ல ரால்ஃப் சாம்ப்சன்னு பெரிய ஸ்டார் பிளேயர் டீம்ல இருக்கும்போது, நம்பர் ஒன் டீமா ஹவாய் போய் சமினாட்னு ஒரு குட்டிக் காலேஜ் கிட்ட 77-72ன்னு தோத்துட்டு வந்தாங்க. அப்ப பென்னட்டும் இல்ல, பேக் லைனும் இல்ல. டீக்கடை இதுக்கு டெம்போவ காரணம் சொல்ல முடியாது.

ஷார்லட்ஸ்வில்_டீக்கடை

கடைய மூடிட்டேன், நாளைக்கு வாங்க 😂

சும்மா_எட்டிப்பாத்தேன்

நிஜமாவே கேக்கறேன், ஒரே ஒரு மேட்ச் ஃபுல்லா பாக்கணும்னா எது? ஹைலைட்ஸ் வேணாம்.

பால்டிமோர்_பரோட்டா

வேற எது, 74-54 தான். பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட வேண்டிய மேட்சு.

ஆரஞ்சுபந்து

அது ஹாஃப் டைமுக்கு அப்புறம் ஒருதலையா போயிரும் தம்பி. டெக்சாஸ் டெக் ஃபைனல் பாருங்க. ஹண்டருக்கு முதல் ஹாஃப்ல ஷாட் சரியாவே விழாது, ஒரு ஓரமா இருப்பாரு, அப்புறம் மொத்தம் 27, கடைசி 12, 13 செகண்ட் இருக்கும்போது கார்னர்ல இருந்து மூணு பாயிண்டர் போட்டு 68-68 ஆக்குவாரு. ஒரு ஆளு மேட்சுக்குள்ள எப்படி திரும்பி வர்றதுன்னு அதுல பாக்கலாம்.

இண்டியானா_இட்லி

பர்டியூ மேட்ச்ச பாருங்க. கார்சன் எட்வர்ட்ஸுக்காக. தோத்த டீம்ல ஒருத்தன் இப்படி ஆடி நான் அதுக்கப்புறம் பாக்கல. ஆனா கடைசி 5.9 செகண்ட் வரும்போது நிறுத்திட்டு எங்க டீம் ஜெயிச்சதா நெனச்சு தூங்கப் போயிருங்க, நான் அப்படித்தான் பாப்பேன்.